கை கழுவும் இடம்

தபித்தாள் முதலில் கைகளைத்தான் பார்ப்பாள், முகமெல்லாம் பிறகு. காலை ஏழே முக்காலுக்கு ஐ.சி.யூ. வாசலில் நின்றுகொண்டு, உள்ளே போகிற எவரையும், அது பெரிய டாக்டரானாலும் தரை துடைக்க வருகிற ரேணுகாவானாலும், "கைய காட்டுங்க" என்பாள். காட்டினால் போதாது, திருப்பிக் காட்ட வேண்டும். நகக்கண், விரலிடுக்கு, மோதிரம், கடிகாரம் என்று ஒவ்வொன்றாக அவள் கண் போகும். குன்னூர்க் குளிரில் எல்லாரும் சீருடைக்கு மேல் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டுதான் வருவார்கள். அந்த ஸ்வெட்டரின் கைவிளிம்பைக் கண்டால் அவளுக்கு ஆகாது. ஒரு கட்டிலின் சீழை அடுத்த கட்டிலுக்குக் கொண்டுபோவது அதுதான் என்பாள். "மொழங்கைக்கு மேல மடிச்சு உடு கண்ணு. குளுருனாக் குளுரட்டும். குளுருல ஆரும் இங்க செத்ததில்ல."

குன்னூருக்கு மேலே, தேயிலை முடிந்து கற்பூர மரங்கள் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது அந்த டிரஸ்ட் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். தொண்ணூறு படுக்கை. அங்கே தபித்தாளுக்குத் தொற்றுத் தடுப்பு நர்ஸ் வேலை. அவள் ஊசி போடுவதில்லை, மருந்து கொடுப்பதில்லை. வந்தவர்கள் வந்த நோயோடு மட்டும் இருந்து குணமாகிப் போகிறார்களா, இல்லை இங்கே வந்து படுத்த பிறகு புதிதாக ஏதாவது ஒட்டிக்கொண்டதா என்று பார்க்க வேண்டும். ஒட்டிக்கொண்டால் எப்படி ஒட்டிக்கொண்டது என்று கண்டுபிடிக்க வேண்டும். நர்ஸுகள் அவளுக்குப் பின்னால் வைத்திருக்கும் பெயர் 'கை சிஸ்டர்.' அது அவளுக்குத் தெரியும். "வாய் சிஸ்டர்னு வெக்காம உட்டாங்களே" என்று அவளே ஒருமுறை சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

வயது ஐம்பத்தாறு. குள்ளமான, கெட்டியான உடம்பு. கல்யாண மோதிரத்தைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துப் போட்டிருக்கிறாள். விரலில் போட்டு முப்பது வருஷமாகிறது. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கமாட்டாள். கொண்டை ஊசி வளைவுகளில் தோளைச் சீட்டு முதுகில் முட்டுக்கொடுத்துக்கொண்டே நிற்பாள். கல்யாண வீட்டுப் பந்தியில் பரிமாறுகிறவரின் நகத்தைப் பார்த்துவிட்டு இலையை மூடிய கதை அவள் சொந்தக்காரர்களிடையே பிரசித்தம். கோயிலில் நற்கருணை எடுக்கும்போது எல்லாருக்கும் ஒரே கிண்ணம் என்பதால், வரிசையில் எப்படியாவது முதல் ஆளாகப் போய் முழங்கால் போட்டுவிடுவாள். பக்தியில் முந்துகிறாள் என்று போதகர் வெகுகாலம் நினைத்திருந்தார். கணவர் மோசஸ், எஸ்டேட் லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர், ஒருநாள் உண்மையைப் போட்டு உடைத்துவிட்டார்.

கீழ்த்தளத்தில் பரிசோதனைக்கூடம். அங்கே பிராங்ளின். நோயாளியின் இரத்தத்திலும் சளியிலும் இருக்கிற கிருமியைத் தட்டில் வளர்த்து, எந்த மருந்துக்கு அது கேட்கும், எதற்குக் கேட்காது என்று பார்த்துச் சொல்பவன். அவன் கொடுக்கும் தாளில் மருந்துகளின் பெயர் வரிசையாக இருக்கும். எதிரே 'எஸ்' என்றிருந்தால் கேட்கும். 'ஆர்' என்றிருந்தால் கேட்காது. தபித்தாள் வேலைக்கு வந்த காலத்தில் 'ஆர்' அபூர்வம். இப்போது அந்தத் தாளை வாங்கும்போது அவள் கீழிருந்து மேலே படிப்பாள், எங்கேயாவது ஒரு எஸ் தட்டுப்படுகிறதா என்று.

இந்த ஆஸ்பத்திரியில் அவள் சண்டை போட்டு வாங்கியவை பல. அதில் பெரியது ஐ.சி.யூ.வுக்குள் இருந்த பேசின். முன்பெல்லாம் கை கழுவ வேண்டுமென்றால் நர்ஸுகள் வெளியே நடைவழிக் கோடிக்குப் போக வேண்டும். ஐஸ் மாதிரித் தண்ணீர். யார் போவார்கள்? இரண்டு வருஷம் ஒவ்வொரு கூட்டத்திலும் இதையே சொல்லிச் சொல்லி, கடைசியில் சூப்பரின்டெண்ட் டாக்டர் ரொனால்ட், "சிஸ்டர், உங்களுக்கு பேசின் வைக்கலேன்னா நான் ரிட்டயர் ஆக முடியாது போலிருக்கே" என்று கையெழுத்துப் போட்டார். முழங்கையால் திறக்கிற குழாய், வெந்நீர், பளபளவென்று எஃகுத் தொட்டி. தண்ணீர்க் குழாய் வந்த சுவர் அது ஒன்றுதான் என்பதால், ஊசி மருந்து கலக்கும் மேடைக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள். திறந்த அன்று தபித்தாள் வீட்டிலிருந்து ரவா லட்டு செய்து கொண்டுபோய் எல்லாருக்கும் கொடுத்தாள், கை கழுவிவிட்டு வந்தவர்களுக்கு மட்டும். இது நடந்து நான்கு வருஷம்.

சென்ற ஐப்பசியில் கட்டபெட்டிலிருந்து கருப்பம்மாள் வந்தாள். கொழுந்து பறிக்கிறவள், ஐம்பத்தெட்டு வயது. காலைப் பனியில் தேயிலைப் புதருக்குப் பின்னால் நின்றிருந்த காட்டுமாட்டைக் கவனிக்காமல் போய், அது முட்டித் தூக்கியெறிந்ததில் தொடை எலும்பு முறிந்துவிட்டது, விலாவில் இரண்டு உடைந்து நெஞ்சுக்குள் இரத்தம் கட்டிவிட்டது. தொடையில் கம்பி வைத்து, நெஞ்சில் குழாய் வைத்து, இரண்டு நாள் ஐ.சி.யூ.வில் மூச்சுக் கருவியில் வைத்து எடுத்தார்கள். நன்றாகத்தான் தேறினாள். மூன்றாம் நாள் வார்டுக்கு மாற்றியபோது, தன்னை முட்டிய மாட்டை ஊரில் யாரும் ஒன்றும் செய்துவிடக் கூடாது என்று ஜூடித்திடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜூடித் ஐ.சி.யூ. பொறுப்பு நர்ஸ். "அது கன்னுக்குட்டி வெச்சிருந்துச்சுங்க. நாந்தான் குறுக்க போயிட்டேன்."

அவள் கணவர் ஒச்சப்பன் தோட்டத்தில் தேயிலைப் புதர்களைக் கவாத்து வெட்டுகிறவர். செய்தி கேட்டு வேலையிலிருந்து நேரே ஓடிவந்திருந்தார். தேயிலைக் கறை ஏறிக் கறுத்த விரல்கள், நகத்துக்குள் மண். தபித்தாள் வாசலிலேயே நிறுத்தினாள்.

"ஏனுங்க, இந்தக் கையோட உள்ள போவீங்களா?"

அவர் தன் கைகளை அப்போதுதான் பார்ப்பவர்போலப் பார்த்தார்.

"உங்க கையிலதானுங்க இருக்குது அந்தம்மா உசுரு. பாத்துக்கோங்க."

இதை அவள் நோயாளியைப் பார்க்க வரும் எல்லாரிடமும் சொல்வாள். வருஷத்துக்கு ஐந்நூறு பேரிடமாவது சொல்லியிருப்பாள். ஒச்சப்பன் அதைச் சத்தியம் வாங்கிக்கொண்டவர்போல் வாங்கிக்கொண்டார். உள்ளே கூட்டிப்போய்ப் புதுப் பேசினில் எப்படிக் கழுவுவது என்று அவளே சொல்லிக்கொடுத்தாள். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகம், மணிக்கட்டு; இருபது எண்ணும்வரை. ஒச்சப்பன் உரக்க எண்ணினார். அதற்குப் பிறகு அவர் வந்தபோதெல்லாம், தூரத்திலிருந்தே இரண்டு கையையும் தூக்கி அவளுக்குக் காட்டிவிட்டுத்தான் மனைவியிடம் போவார். வார்டில் கஞ்சி ஊட்டியதும் அவர்தான்.

ஆறாம் நாள் கருப்பம்மாளுக்குக் குளிர்க்காய்ச்சல் கண்டது. ஏழாம் நாள் மூச்சு இரைத்தது. திரும்பவும் ஐ.சி.யூ., திரும்பவும் குழாய். பிராங்ளின் தாளோடு தானே மாடிக்கு வந்தான். தாளை ஆள் கையில் கொடுத்தனுப்பாமல் அவனே வந்தால் விஷயம் மோசம் என்று அர்த்தம்.

தபித்தாள் கீழிருந்து மேலே படித்தாள். ஆர். ஆர். ஆர். மேலே இரண்டாவது வரியில் ஒரே ஒரு எஸ். சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று ஒருகாலத்தில் ஒதுக்கிவைத்த பழைய மருந்து. வேறு வழியில்லாமல் இப்போது திரும்ப எடுத்து வைத்திருக்கிறார்கள்.

"அக்கா, இன்னொன்னு இருக்கு" என்றான் பிராங்ளின். "போன மாசம் கோத்தகிரி வாத்தியார் ஒருத்தர் எறந்தாருல்ல? அதுக்கு முன்னால பிக்கட்டியிலிருந்து வந்த ஆளு. அந்த ரெண்டு தாளையும் எடுத்துப் பக்கத்துல வெச்சுப் பாத்தேன். மூணும் ஒரே அச்சு."

மூன்று பேருக்கும் வேறு வேறு நோய், வேறு வேறு டாக்டர், வேறு வேறு கட்டில். பொதுவாக இருந்தது ஐ.சி.யூ. மட்டும்.

அடுத்த பத்து நாள் தபித்தாள் ஆஸ்பத்திரியைத் தலைகீழாகப் புரட்டினாள். பஞ்சுக் குச்சியால் கட்டில் கம்பிகளைத் துடைத்து எடுத்தாள். மூச்சுக் கருவி, ஸ்டெதாஸ்கோப், டாக்டர்களின் செல்போன், திரைச்சீலை, ரேணுகாவின் வாளி. எல்லார் கைகளையும் அதேபோல் துடைத்து எடுத்தாள், தன் கையையும் சேர்த்து. பிராங்ளின் தட்டுத் தட்டாக வளர்த்தான். வேண்டாத சில்லறைக் கிருமிகள் கிடைத்தன. தேடுகிற கிருமி கிடைக்கவில்லை. அதற்குள் கருப்பம்மாளுக்குப் பழைய மருந்து ஏறிக்கொண்டிருந்தது. காய்ச்சல் இறங்கியதுபோல் இருந்தது, சிறுநீரும் இறங்கியது. முகம் வீங்கி, கண் திறக்கவே கஷ்டப்பட்டாள். கோயம்புத்தூருக்கு அனுப்பலாமா என்று பேசினார்கள். மலை இறங்கும்வரை தாங்கமாட்டாள் என்று விட்டுவிட்டார்கள்.

பத்தொன்பதாம் நாள் மத்தியானம். தபித்தாள் ஐ.சி.யூ. பேசினில் கை கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்து மேடையில் ஜூடித் கருப்பம்மாளுக்குப் போட வேண்டிய மருந்தைச் சிரிஞ்சில் ஏற்றிக்கொண்டிருந்தாள். ஏற்றி முடித்த ஊசியைத் தட்டில் வைத்தாள். எஃகுத் தட்டில், ஊசிக்கு இரண்டு விரல் தள்ளி, ஒரு சொட்டுத் தண்ணீர் வந்து விழுந்தது. தபித்தாள் கையைத் தண்ணீரிலேயே வைத்தபடி அந்தச் சொட்டைப் பார்த்தாள். இன்னொன்று விழுந்தது.

குழாயை மூடினாள். ஜூடித் மிச்ச மருந்தைப் பேசினுக்குள் ஊற்றினாள்.

"அதுலயா ஊத்தறீங்க?"

"ஆமாங்க்கா. மிச்சத்த வேற எங்க ஊத்தறது? ட்ரிப்ஸ் மிச்சமும் இதுலதான்."

தபித்தாள் கேன்டீனுக்குப் போய்க் கேசரிப் பவுடர் வாங்கி வந்தாள். பேசினின் ஓட்டைச் சல்லடைமேல் அதை ஒரு ஸ்பூன் தூவினாள். மேடைமேல் வெள்ளைத் தாள்களை வரிசையாகப் பரப்பினாள். முழங்கையால் குழாயைத் திறந்து, மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல ஒன்றிலிருந்து இருபதுவரை எண்ணிக் கை கழுவினாள். பிறகு தாள்களைப் பார்த்தாள். முதல் தாளில் அம்மை போட்ட மாதிரி ஆரஞ்சுப் புள்ளிகள். இரண்டாவதிலும். ஒரு கை நீளம் தள்ளி இருந்த நான்காவது தாளில் மூன்று புள்ளிகள். ஊசித் தட்டு இருக்கும் இடம் இரண்டாவது தாள்.

சல்லடையைக் கழற்றி உள்ளே பஞ்சுக் குச்சியை விட்டாள். சாம்பல் நிறத்தில் வழவழவென்று கூழ்போல வந்தது. இரண்டு நாள் கழித்து பிராங்ளின் அவளைக் கீழே கூப்பிட்டுத் தட்டைக் காட்டினான். சளி மாதிரி வழிகிற இளஞ்சிவப்புத் திட்டுகள். பக்கத்தில் தாள். அதே ஆர். அதே இடத்தில் அதே ஒரு எஸ்.

"நாலு வருஷமா தெனம் மருந்த ஊத்தி ஊத்தி, எதையும் தாங்கற மாதிரி நாமளே வளத்துருக்கோம்க்கா" என்றான்.

அவள் நினைத்ததெல்லாம் ஒச்சப்பனைப் பற்றித்தான். அந்தப் பேசினில் நின்று அவர் உரக்க எண்ணியது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் மட்டுமா? நான்கு வருஷமாக எத்தனை பேரைப் பிடித்துப் பிடித்துக் கொண்டுபோய் அதன் முன் நிறுத்தியிருக்கிறாள்! அவள் கத்தாத நாளில் கழுவாமல் போனவர்கள் ஒருவேளை நல்லதே செய்திருக்கலாம்.

டாக்டர் ரொனால்ட் தாள்களை வெகுநேரம் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக இந்த மலையைவிட்டுப் போகாதவர்.

"ரெண்டும் ஒரே கிருமிதான்னு உறுதியா சொல்ல பெரிய லேபுக்கு அனுப்பணும் சிஸ்டர். அதுக்குள்ள நாமளா ஒண்ணு சொல்லிடக் கூடாது. நாளைக்கே பேசின எடுத்துடலாம். ரிப்பேர் வேலைன்னு போட்டுக்கலாம்."

"அந்தம்மா ஊட்டுக்காரங்களுக்கு?"

"ரிப்போர்ட் வரட்டும். இந்த ஆஸ்பத்திரிய மூடிட்டா இங்கிருக்கற தோட்டத்து ஜனங்க எங்க போவாங்க, சொல்லுங்க?"

அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. தபித்தாள் தலையாட்டினாள்.

அன்று மாலையே அந்தத் தலையாட்டலுக்கு ஒரு சோதனை வந்தது. திருப்பூரில் கட்டிக்கொடுத்திருந்த மகள் சசிரேகா, கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடைவழியில் டாக்டர் ரொனால்டை நிறுத்திக் கேட்டாள்.

"காலு ஒடஞ்சுதானுங்க எங்கம்மா வந்துச்சு. அந்தக் கிருமி எங்கிருந்துங்க வந்துச்சு?"

டாக்டர் குழந்தையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எங்கிருந்து வேணாலும் வரும்மா. பார்க்க வர்றவங்க மூலமாவும் வர்றதுண்டு."

சசிரேகா திரும்பி அப்பாவைப் பார்த்தாள். ஒச்சப்பன் சுவரோரமாக நின்றிருந்தார். மகள் பார்த்ததும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

தபித்தாள் இரண்டடி தள்ளி நின்றிருந்தாள். வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் பேசினை உடைத்து எடுத்தார்கள். சுவரைப் பூசி வெள்ளையடித்தார்கள். அதற்குப் பிறகு ஐ.சி.யூ.வில் யாருக்கும் அந்தக் கிருமி வரவில்லை. கருப்பம்மாள் இருபத்தேழாம் நாள் காலை பத்தரை மணிக்கு இறந்துபோனாள். சிறுநீரகம் முதலில் போயிற்று, பிறகு ஒவ்வொன்றாக. இறப்புச் சான்றில் காரணம் எழுதும் இடத்தில் காட்டுமாடு முட்டியதுதான் முதல் காரணமாக இருந்தது.

இருபது நாள் கழித்து ஒச்சப்பன் ஆஸ்பத்திரிக்கு வந்தார், ஏதோ ஒரு தாளில் முத்திரை விட்டுப்போயிருந்ததென்று. ரெக்கார்டு அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தபித்தாள் பழக்கத்தில் கைகளைத்தான் முதலில் பார்த்தாள். யார் என்று பிறகுதான் தெரிந்தது.

கறை ஒன்றும் இல்லை. வெளுத்து, ஊறி, தோல் உரிந்திருந்தது. விரல் மூட்டுகள் வெடித்து இரத்தம் காய்ந்திருந்தது. பிளீச்சிங் பவுடர் வாசனை அடித்தது.

"என்னுங்க இது?"

ஒச்சப்பன் எழுந்து நின்றார். கைகளை நீட்டித் திருப்பிக் காட்டினார். "இப்பச் சுத்தமா இருக்குதுங்களா சிஸ்டரம்மா?"

தபித்தாள் அந்தக் கைகளைத் தன் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"தெனம் கழுவறனுங்க. அப்பவும் புள்ள நம்ப மாட்டேங்குது. பேரனத் தூக்க உடறதில்ல. அதுவும் நல்லதுக்குத்தானுங்க. நீங்க மொத நாளே சொன்னீங்க, உன்ற கையிலதான் இருக்குது அவ உசுருன்னு. நானும் எண்ணி எண்ணித்தான் கழுவினேன். எங்கியோ தப்பிப் போயிருச்சு."

தபித்தாள் அவரைத் தன் அறைக்குக் கூட்டிப்போய்க் கைகளுக்குக் களிம்பு தடவி, துணி சுற்றிவிட்டாள். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. கதவு திறந்திருந்தது, ஆட்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். அது சாக்கு என்று அவளுக்கே தெரிந்தது. கட்டபெட்டில் எந்தக் குடியிருப்பு லைன், எத்தனாவது வீடு என்று மட்டும் கேட்டு வைத்துக்கொண்டாள். முப்பதாம் நாள் கும்பிடுவது என்றைக்கு என்றும் கேட்டாள்.

மறுநாள் டாக்டர் ரொனால்டின் அறைக்குப் போனாள். பெரிய லேபிலிருந்து என்ன வந்தது என்று கேட்டாள். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். மாதிரியே அனுப்பவில்லை என்று அவர் சொல்லாமலே தெரிந்தது.

"பேசின் போயாச்சு சிஸ்டர். இனிமே யாருக்கும் வராது. போனவங்கள நம்மால திருப்பித் தர முடியாது."

"போனவங்கள இல்லீங்க டாக்டர்" என்றாள் தபித்தாள். "இருக்கறவரப் பத்தித்தான் கேக்கறேன்."

"சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? உங்களுக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கு."

அதே கேள்வியை அன்று சாயங்காலம் மோசஸும் கேட்டார். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "யோசிச்சேன்" என்றாள். "சொல்லாட்டி?" என்றார் அவர். களைந்த தண்ணீரை அவள் மூன்றாவது முறையாக ஊற்றிக்கொண்டிருந்தாள்.

முப்பதுக்கு முதல் நாள் தபித்தாள் லீவு போட்டாள். கோத்தகிரி பஸ்ஸில் கட்டபெட்டில் இறங்கி, தேயிலைக்குள் போகும் மண்பாதையில் நடந்தாள். பனி பிரிந்து சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. லைன் வீட்டு வாசலில் மறுநாளைக்கு வாடகைப் பாத்திரங்கள் வந்து இறங்கியிருந்தன. சசிரேகா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவருகே நின்றாள். ஒச்சப்பன் வாசல் கோடியில், எல்லாரையும்விட்டுத் தள்ளி, ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார். துணிக்கட்டு அழுக்காகாமல் இருக்க அதன்மேல் பிளாஸ்டிக் பை மாட்டியிருந்தார். பக்கத்தில் அவருக்கென்று தனியாக ஒரு தட்டு, ஒரு டம்ளர்.

உட்காரச் சொன்னார்கள். தபித்தாள் உட்காரவில்லை.

"சசிரேகா, உங்கம்மாவுக்கு அந்தக் கிருமி உங்கப்பாகிட்டிருந்து வர்ல" என்றாள். "எங்க ஆஸ்பத்திரி ஐ.சி.யூ.வுல இருந்த கை கழுவற பேசின்ல இருந்துதான் வந்துருக்கோணும். அதுல தண்ணி உட்டா ஊசித் தட்டு மேல தெறிச்சுது. நானே பாத்தேன். அந்தக் குழிக்குள்ள எடுத்துச் சோதிச்சதுல அதே கிருமி வந்துச்சு. உங்கம்மாவுக்கு முன்னாடி இன்னும் ரெண்டு பேருக்கும் வந்துருக்குது. அந்தப் பேசின வெக்கச் சொல்லிச் சண்ட போட்டவ நான். உங்கப்பாவ அதுல கழுவச் சொன்னவளும் நான்."

குழந்தை சசிரேகாவின் தாலிக் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அவள் அதை விடுவிக்கவில்லை.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"நீங்க நடைவழியில நின்னு கேட்டீங்கல்ல, அன்னைக்கே தெரியும்."

"நீங்க அங்கதான நின்னுட்டு இருந்தீங்க."

"ஆமா. நின்னுட்டுத்தான் இருந்தேன்."

"அப்ப எங்கம்மா உசுரோட இருந்துச்சு" என்றாள் சசிரேகா. குரல் உயரவில்லை. "எங்கப்பா தன்ற கையால அது ஒதட்டுல ஒரு சொட்டுத் தண்ணி தொட்டு வெக்கறேன்னு கெஞ்சுனாரு. நாந்தான் உடல. தள்ளி நில்லுங்கன்னு சொன்னேன். கடேசி வரைக்கும் உடல."

ஒச்சப்பன் கல்லிலிருந்து எழுந்து வந்தார். நடுவில் நின்றார். யாரைப் பார்ப்பது என்று தெரியாதவராகப் பாத்திரக் குவியலைப் பார்த்தார்.

"அப்ப நானில்லீங்களா?" என்றார்.

"நீங்க இல்லீங்க."

"நல்லாத் தெரியுங்களா?"

"நல்லாத் தெரியும்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். சந்தோஷமா, துக்கமா என்று சொல்ல முடியாத ஆட்டம். கையில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் பைகளில் ஒன்றைப் பல்லால் கடித்துக் கழற்றப் பார்த்தார். முடிச்சு அவிழவில்லை. சசிரேகா பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு போய் முடிச்சை அவிழ்த்தாள். அவர் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

தபித்தாளிடம் திரும்பி வந்தபோது சசிரேகாவின் குரல் மாறியிருந்தது.

"இத்தன நாளு எங்க சொந்தமெல்லாம் எங்கப்பாவப் பத்திப் பேசிருக்குது. நாளைக்கு எல்லாரும் வருவாங்க. நான் வாயில சொன்னா ஆரும் நம்ப மாட்டாங்க. அப்பாவக் காப்பாத்தறதுக்கு நானாக் கட்டிச் சொல்றேன்னுதான் சொல்லுவாங்க. இப்பச் சொன்னத எழுதிக் குடுப்பீங்களா?"

ஒச்சப்பன், "உடு சாமி, அவங்களா வந்து சொன்னதே..." என்று ஆரம்பித்தார்.

"எழுதிக் குடுப்பீங்களா?" என்றாள் மறுபடியும்.

தபித்தாள் பேப்பர் கேட்டாள். முப்பதுக்கு வாங்க வேண்டிய சாமான்களை எழுதிவைத்திருந்த நோட்டிலிருந்து சசிரேகா ஒரு பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தாள். கவிழ்த்து வைத்திருந்த வாடகை அண்டாவின் மேல் தாளை வைத்து, நின்றபடியே குனிந்து எழுதினாள் தபித்தாள். பிராங்ளினின் பெயரை எழுதவில்லை, ஜூடித்தின் பெயரையும் எழுதவில்லை. பேசின் வைத்த வருஷம், தாள்களில் புள்ளி விழுந்த தேதி, குழிக்குள் கண்ட கிருமி, உடைத்து எடுத்த தேதி. தனக்குத் தெரிந்தும் சொல்லாமல் இருந்த நாட்கள் எத்தனை என்று விரல்விட்டு எண்ணி அதையும் எழுதினாள். நோயாளியின் கணவருக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதைத் தனி வரியாக எழுதினாள். கையெழுத்துப் போட்டு, அடியில் பெயரையும் பதவியையும் போட்டாள்.

அதற்குக் கீழே ஆஸ்பத்திரியின் விலாசத்தை எழுதத் தொடங்கினாள். இரண்டாவது வரியில் பேனா நின்றது. இந்தத் தாளோடு யாராவது தேடி வரும்போது அவள் அங்கே இருக்கப்போவதில்லை. எழுதிய இரண்டு வரியையும் அடித்துவிட்டு, குன்னூர் பெட்ஃபோர்டில் இருக்கும் தன் வீட்டு விலாசத்தைக் கதவு எண்ணோடு எழுதி, தாளை நீட்டினாள்.